தண்டவாளத்துக்கு அடியில் என் பெயர்

என் ராசா கதிருக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பேச்சு மட்டும் குறையவில்லை. போனில் சொல்லக்கூடியதை எதற்கு மெனக்கெட்டு எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் செல்போன் எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. நான் யாரோடு பேசினாலும் பக்கத்தில் வந்து நின்று "என்னவாம், என்னவாம்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இப்போது சொல்லப்போவது அவர் காதில் விழக் கூடாத சங்கதி. அதனால் நம் ரப்பர் ஷெட்டில் வேலை செய்கிற பெண்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, சரக்கு அடுக்குகிற பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரப்பரில் சேர்க்கிற கரி தாளில் பட்டிருந்தால் முகம் சுளிக்காதே. நீ படித்த படிப்பிலும் அந்தக் கரி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது உன் கல்யாணப் பத்திரிகையின் புரூப்பை உன் கையில் கொடுத்தேன். நீ அதைத் திருத்தி டி.வி. மேல் வைத்துவிட்டு ரயிலேறிவிட்டாய். உன் பெரியப்பா பெயரில் விட்டுப்போன எழுத்தைச் சேர்த்திருந்தாய், மண்டபம் இருக்கும் தெருவைச் சரிசெய்திருந்தாய், எல்லாம் நல்ல திருத்தம். அப்படியே கண்ணை ஓட்டிக்கொண்டு வந்தவள் உன் அப்பா பெயருக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டேன். 'பூரணி ரப்பர் ஒர்க்ஸ், விருதுநகர்' என்ற வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை. சம்மந்தி வீட்டு அச்சகத்தில் இப்போது காலண்டர் சீசன், மெஷினுக்கு மூச்சுவிட நேரமில்லை. அதற்கு நடுவில் நமக்காக ஒரு நாளை ஒதுக்கி, வருகிற வாரம் பத்திரிகையை அச்சடிக்கப் பிளேட் போடுகிறார்கள். அதற்குள் அந்த வரி இருக்கிறதா இல்லையா என்று முடிவாக வேண்டும். உன் அப்பா இன்னும் கோட்டைப் பார்க்கவில்லை. புரூப்பை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்தேன், அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே கிடையாது.

பார்த்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். கத்த மாட்டார். கத்துகிற மனுஷனாக இருந்தால் நான் பயந்திருக்கவே மாட்டேன். "பிள்ளை சொல்றான்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய் மெஷின் பக்கத்தில் நின்றுகொள்வார், கூப்பிட்டால் பசியில்லை என்பார். டீக்கடை, மாவு மில், முடிவெட்டுகிற இடம் என்று போகிற இடமெல்லாம் பத்திரிகையில் கம்பெனி பெயர் வருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன், சுருக்கென்றுதான் இருந்தது. கம்பெனி பெயர் என்று சொன்னாலும் அது உன் அம்மா பெயர் ஆயிற்றே. அன்று சாம்பாரில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். உன் அப்பா மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார், பாவம்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. நீ பிளஸ் டூ படிக்கும்போதுதான் நாம் கம்பெனி ஆரம்பித்தோம். அப்பா என்ன பண்ணுகிறார் என்று வாத்தியார் கேட்க, நீ ரப்பர் கம்பெனி என்று சொல்ல, அன்று சாயங்காலமே உனக்கு அழிரப்பர் என்று பெயர் விழுந்துவிட்டது. கிரிக்கெட் விளையாடக் கூப்பிட வந்த பையன்கள் வாசலில் நின்று "அழிரப்பர் இருக்கானா அத்தை" என்று என்னிடமே கேட்டார்கள். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது, உன் முகம் போன போக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. காலேஜுக்குப் போனதும் உஷாராகி, அப்பா ரயில்வேயில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டாய். விடுமுறைக்கு உன்னோடு வந்த சிநேகிதன் ஒருத்தன் உன் அப்பாவிடம் பவ்வியமாகப் போய் தட்கல் டிக்கெட் வாங்கித் தர முடியுமா என்று கேட்டானே, அன்றைக்கு உன் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறியது. ஆக, அந்தக் கோட்டை நீ இழுத்தது நேற்றைய யோசனையில் இல்லை என்று எனக்குப் புரிகிறது. பிசிறு பிசிறாய்ச் சேர்ந்த கூச்சம் அது. அதனால் நம் கதையை ஒரு தரம் என் வாயால் சொல்லிவிடுகிறேன். பாதி உனக்குத் தெரியும், தெரிந்ததையும் கேள்.

உன் அப்பா சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். பிறகு அச்சு மெஷின்களில் இருக்கிற உருளைகளுக்கு, தேய்ந்த ரப்பரை உரித்துப் புது ரப்பர் போட்டுத் தருகிற கடை வைத்தார். காலண்டர் சீசனில் கூட்டம், மற்ற நாளில் ஈ ஓட்டுவது என்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் நம் பக்கத்து மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்ற ஆரம்பித்தார்கள். விருதுநகர் ஸ்டேஷன் பக்கம் கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டைகளை மலையாகக் குவித்திருந்தார்கள். மிளகாய் வத்தல் வாங்க விருதுநகர் போன உன் அப்பா, வத்தலை மறந்துவிட்டுக் கையில் ஒரு கறுப்புத் துண்டோடு வந்து நின்றார். கிழிந்துபோய்த் தூக்கி எறிந்த ரப்பர் பேட் அது, வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருந்தது. கான்கிரீட் கட்டையின் மேல் தண்டவாளத்தை நேராக உட்காரவைத்தால் ரயில் போகிற அதிர்ச்சியில் கட்டை நொறுங்கிப் போகுமாம், நடுவில் இந்த ரப்பரை வைத்தால் அது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளுமாம். வத்தல் எங்கே என்று கேட்டேன். "இந்தா பாரு, இதுவும் ரப்பர்தான். உருளையா இருந்தா என்ன, தட்டையா இருந்தா என்ன" என்றார். அன்றைக்கு வத்தல் இல்லாத குழம்புதான்.

உருளைக் கடையைத் தன்னோடு வேலை பார்த்தவருக்கே கைமாற்றிவிட்டு விருதுநகருக்குக் குடிவந்தோம். சூலக்கரைப் பக்கம் ஷெட் பிடித்து, பழைய பிரஸ் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். கம்பெனிக்கு என் பெயரை வைத்தார். நம் ஊரில் புருஷன்மார் பெண்டாட்டி பெயரை வீட்டுக்கு வைப்பார்கள், மினி பஸ்ஸுக்கு வைப்பார்கள், புஸ்வாணத்துக்குக்கூட வைத்திருக்கிறார்கள். பெண்டாட்டி பெயரை எழுதி அதன் மேல் ரயிலை ஏற்ற வழி கண்டுபிடித்தவர் உன் அப்பா ஒருத்தர்தான். ரயில்வேக்குப் போகிற ஒவ்வொரு பேடிலும் செய்தவருடைய குறி இருக்க வேண்டும், நாளைக்கு ஒன்று கிழிந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும் அல்லவா. ஆகவே பூரணி ரப்பர் ஒர்க்ஸ் இங்கிலீஷில் பி, ஆர், டபிள்யூ என்று மூன்று எழுத்தாகச் சுருங்கியது.

பேட் வார்க்கிற இரும்பு அச்சிலிருந்து வருகிற ரப்பரின் ஓரப் பிசிறை வெட்டுவதற்கு விஸ்வநத்தத்திலிருந்து முத்துலட்சுமியும் அவள் கூட்டாளிகளும் வந்தார்கள். எல்லாரும் பட்டாசு வேலையில் பழகிய கைகள். கத்தரிக்கோல் வேகத்தைப் பார்த்து உன் அப்பா அசந்துபோனார். ஆனால் ஒரு மூட்டையைத் தரையில் இழுக்கச் சொன்னால் மட்டும் இழுக்க மாட்டார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கி, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெதுவாக இறக்குவார்கள். ரப்பர்தானே, தூக்கியே எறியலாமே என்று நான் சொன்னால், "கை கேக்க மாட்டேங்கு மதினி, உரசுனா போச்சுன்னே பழகிருச்சு" என்பாள் முத்துலட்சுமி. நம் லாரியில் லோடு ஏறுவதைப் பார்த்த டிரைவர் ஒருத்தர் உள்ளே வெடிமருந்து ஏதும் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு பீடியை அணைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

மாதிரிக்கு அனுப்பிய ரப்பரை இரவல் அச்சில் செய்தோம், அதில் பெயர் கிடையாது. அது தேறி, முதல் ஆர்டர் வந்தது. சின்ன ஆர்டர்தான். ஆனால் கடையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம், இது சொதப்பினால் திரும்பிப் போக இடமில்லை. புது அச்சு வந்ததும் எழுத்து வெட்டுகிற வேலையை வெளியாளிடம் தர மாட்டேன் என்று உன் அப்பா ஒற்றைக் காலில் நின்றார். என் பெயர் என்பதால் அவ்வளவு ஆசை. தானே உளி பிடித்து, பார்த்துப் பார்த்து வெட்டினார். இங்கேதான் ஆப்செட்காரர் புத்தி வேலை செய்தது. ஆப்செட் பிளேட்டில் எழுத்து நேராகத்தான் இருக்கும். பிளேட்டிலிருந்து மெஷினில் இருக்கிற ரப்பர் விரிப்புக்குப் போகும்போது ஒரு தரம் திரும்பும், அங்கிருந்து தாளுக்கு வரும்போது இன்னொரு தரம் திரும்பி நேராகிவிடும். பழைய ஈய எழுத்துக் கோத்தவராக இருந்தால் தூக்கத்தில்கூடத் திருப்பித்தான் வெட்டியிருப்பார். இவர் நேராக வெட்டினார். அச்சில் நேராக இருந்தால் ரப்பரில் திரும்பித்தானே வரும், வந்தது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. கறுப்பு ரப்பரில் கறுப்பு எழுத்து, முத்துலட்சுமிக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும், நானோ அது ஏதோ ரயில்வே குறி போலிருக்கிறது என்று என் பெயரை நானே அடையாளம் தெரியாமல் அடுக்கிக்கொண்டிருந்தேன். உன் அப்பா தினமும் துடைத்துத் துடைத்துப் பார்த்ததெல்லாம் அச்சை. அவர் பார்த்த பக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சரக்கைச் சோதித்து முத்திரை போட இன்ஸ்பெக்டர் வந்தார். பாலக்காட்டுக்காரர், நெற்றியில் சந்தனம், சிரிக்காத முகம். கனம் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், எல்லாவற்றிலும் பாஸ். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, அவருக்குக் கொடுத்தனுப்பச் சாத்தூர்ச் சேவு வாங்கிவர ஆளை அனுப்பிவிட்டார். கடைசியாக இன்ஸ்பெக்டர் ஒரு பேடைக் கையில் எடுத்துத் திருப்பினார், இன்னொரு தரம் திருப்பினார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னிடம் முகம் பார்க்கிற கண்ணாடி இருக்குமா என்று கேட்டார். சந்தனம் கலைந்துவிட்டதோ என்று நினைத்து ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் ரப்பரைக் கண்ணாடிக்கு எதிரில் பிடித்துவிட்டு உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இப்ப சரியா இருக்கு. பேடுக்கு ஒண்ணுன்னு கண்ணாடியும் சேர்த்து சப்ளை பண்ணுவீங்களா?"

உன் அப்பா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பி-யின் தொப்பை இடப்பக்கம் தள்ளியிருந்தது, ஆர் தன் காலைப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் தலையை நிமிர்த்தி, "டபிள்யூ சரியாத்தான சார் இருக்கு" என்றார். அந்தச் சிரிக்காத மனுஷன் சிரித்துவிட்டார். சிரித்தாரே தவிர விடவில்லை. பெயர் சரியில்லாத சரக்கு யாருடையதும் இல்லாத சரக்கு என்று சொல்லி மொத்த லோடையும் தள்ளிவிட்டார். வந்த சேவில் ஒரு கை அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, திருத்திக்கொண்டு கூப்பிடுங்கள், தேதி தாண்டினால் ஆர்டர் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று உன் அப்பா மெஷின் பக்கத்தில் போய் நின்றார் பார், அந்த நிற்றலைத்தான் நான் மறுபடி பார்க்க விரும்பவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்தால் அச்சு தானாகவா திரும்பும்? வெட்டின எழுத்தை வெல்டிங் வைத்து அடைக்கச் சொன்னேன். பஜ்ஜி மடிக்கிற எண்ணெய்த் தாளில் பி.ஆர்.டபிள்யூ என்று எழுதி, தாளைக் குப்புறத் திருப்பி, தெரிகிற எழுத்தின் மேல் அப்படியே வெட்டுங்கள் என்று கொடுத்தேன். உளி வைக்கிறதுக்கு முன்னால் அவர் என்னைப் பார்த்து, "நீ சொல்லு, இப்ப நான் எந்தப் பக்கம் பாக்கேன்?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் யோசனை கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதற்கப்புறம் கேட்பதை நிறுத்தவில்லை, அதுதான் இப்போது தொல்லை. முத்துலட்சுமியும் பெண்களும் சாப்பாட்டு நேரத்தைக்கூடச் சுருக்கிக்கொண்டு பிசிறு வெட்டினார்கள். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது அவர் கேட்காமலே நான் கண்ணாடியை நீட்டினேன், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். லோடு போய்ச் சேர்ந்தது.

உனக்கும் உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற செல்விக்கும் உபதேசம் பண்ணுகிற உத்தேசம் எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல்லி அவள் முகம் வாடினால், நான் நல்லபடியாகத்தானே சொன்னேன் என்று வாதாடாதே. உன் பக்கத்தில் அது நேராகத்தான் இருந்திருக்கும். அவள் பக்கம் எப்படி வந்து விழுந்தது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பேசு. எங்களுக்கு இது புரிவதற்கு ஒரு லோடு சரக்கு வீணாகிப்போனது, உனக்கு இலவசமாகச் சொல்கிறேன்.

வீணாகிப்போனது என்று எழுதிவிட்டேன், அதுவும் சரியில்லை. திருப்பி எழுதின அந்த ரப்பரை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? கிரைண்டருக்கு அடியில் வைத்தேன், ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த கிரைண்டர் பூனை மாதிரி ஆகிவிட்டது. கட்டில் காலுக்கு வைத்தோம், பீரோவுக்கு வைத்தோம், காரியாபட்டிச் சித்தி தன் தையல் மெஷினுக்கு வாங்கிப்போனாள். நீ படித்த மேஜையின் ஆட்டத்தை நிறுத்தியதும் அதுதான், மறந்திருக்க மாட்டாய். மிச்சத்தையெல்லாம் நம் பழைய உருளைக் கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றிச் சிவகாசிக்குக் கொண்டுபோனார். அச்சு மெஷின்களுக்கு அடியில் வைத்தால் தரை அதிராது என்று யார் யாருக்கோ கொடுத்தார். அவை எங்கெங்கே போயின என்று நாங்கள் அப்புறம் விசாரிக்கவில்லை.

அகலப்பாதை வந்து ரயில் ஓட ஆரம்பித்ததும் நாம் மூன்று பேரும் சிவகாசிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உண்மையில் நம் சரக்கு முதலில் ஆந்திராப் பக்கம் எங்கேயோ போய்விட்டது, இந்தப் பாதையில் நம்முடையது இருக்கிறதா என்று ரயில்வேக்காரர்களுக்கே தெரியாது. உன் அப்பாவுக்கு அதெல்லாம் கவலையே இல்லை. திருத்தங்கல் தாண்டுகிற நேரத்தில் எழுந்து நின்று, பெட்டியில் இருந்த எல்லாரையும் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொன்னார். ஏதோ ஆபத்து என்று நினைத்து எல்லாரும் கப்சிப் ஆகிவிட்டார்கள். "சத்தம் கேக்குதா? கேக்கலைல்ல? அதான் நம்ம சரக்கு" என்றார். சிவகாசிக்காரர்கள் நிறைந்த பெட்டி. சத்தம் வந்தால்தான் சரக்கு நல்ல சரக்கு என்று பிறந்ததிலிருந்து நம்புகிறவர்களிடம் போய் இதைச் சொன்னால் என்ன செய்வார்கள்? ஒரு பெரியவர் மட்டும் மரியாதைக்குத் தலையை ஆட்டினார். நீ எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டாய். நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கும் அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இறங்குகிறபோது அந்த மனுஷன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வெட்கம் போன இடம் தெரியவில்லை. நீ முன்னால் இறங்கிப் போய்விட்டாய், அதனால் பார்க்கவில்லை.

நேற்று சிவகாசிக்குப் போயிருந்தேன். பிளேட் போட நாள் நெருங்குகிறது, மற்ற திருத்தங்களையாவது சொல்லிவிட்டு வரலாம் என்று புரூப்பையும் எடுத்துக்கொண்டு சம்மந்தியின் அச்சகத்துக்குப் போனேன். அவர் காலண்டர்க் கட்டுகளுக்கு நடுவில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார், செல்விதான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்தினாள். உன் கோட்டைப் பார்த்துவிட்டு, இது ஏன் என்று கேட்டாள். "மாமாவுக்கு விளம்பரம் பிடிக்காது தாயி" என்று உன் அப்பா மேல் பழியைப் போட்டு வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். "மாமாவுக்கா?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். நிச்சயதார்த்தத்தில் உன் அப்பா அவளுடைய சித்தப்பாவை ஒரு மூலையில் மடக்கி ரப்பர் பதம் பற்றி வகுப்பு எடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கெட்டிக்காரி, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவள்.

அந்த நேரத்தில் கரண்ட் போனது. மெஷின்கள் நின்று அச்சகமே அமைதியாகிவிட, வாருங்கள் அத்தை, நம் பத்திரிகை ஓடப்போகிற மெஷினைக் காட்டுகிறேன் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பெரிய மெஷின், வேறொரு அச்சகத்திலிருந்து கைமாறி வந்ததாம். நான்தான் எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில் அதன் காலைப் பார்க்கிறவள் ஆயிற்றே, குனிந்தேன். மைக்கறையும் தூசியுமாக, மெஷினின் காலுக்கு அடியிலிருந்து கறுப்பு ரப்பர் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. முந்தானையால் துடைத்தேன். டபிள்யூ நன்றாகத் தெரிந்தது. அதற்கு அடுத்து, காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஆர்.

நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து செல்வியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கை இருந்த இடத்தைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அதைப் பாத்தீகளா அத்தை? அது ரஷ்யா சாமான். அவுக எழுத்துல ஆர் இப்படித்தான் திரும்பி நிக்குமாம். எங்க அப்பா வாரவுக எல்லாத்துக்கும் காட்டுவாக, இம்புட்டு வருசமாச்சு, மெஷின் ஒரு நூல் ஆடலன்னு."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. "ரஷ்யா இல்ல தாயி. அது நாந்தான்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கண்ணாடி, இன்ஸ்பெக்டர், சேவு என்று எல்லாவற்றையும் அந்தத் தரையில் உட்கார்ந்தே சொன்னேன். அவள் கைப்பையிலிருந்து பொட்டு வைக்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து ரப்பருக்கு எதிரில் பிடித்து, எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்துவிட்டு, நான் சொல்லாமலேயே, புரூப்பில் இருந்த கோட்டை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. "அந்த வரிய நான் எடுக்கல அத்தை. எடுக்கணும்னா கோடு போட்டவுகளே வந்து எடுக்கட்டும்" என்றாள். சொன்னது மெதுவாகத்தான். ஆனால் ராசா, உனக்கு வாய்த்திருப்பவள் லேசுப்பட்டவள் இல்லை, சொல்லிவிட்டேன். அவள் அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ரஷ்யா ரஷ்யா என்று பெருமையடித்த மனுஷனைக் கல்யாணத்துக்கு முன்னால் ஏன் சங்கடப்படுத்த வேண்டும்? உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் சம்மந்தி வீடு என்றுகூடப் பார்க்காமல் போய் மெஷினுக்கு அடியில் படுத்துவிடுவார்.

பெண்கள் டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருக்கிறார்கள், முடிக்கிறேன். புரூப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். செல்வி எடுக்க மாட்டேன் என்று சொன்னாலும், இது உன் கல்யாணம், முடிவை உன்னிடமே விடுகிறேன். வேண்டாம் என்றே திருப்பி அனுப்பினாய் என்றால், இடம் போதவில்லையாம் என்று அப்பாவிடம் நானே சொல்லிச் சமாளித்துக்கொள்வேன். உன் மேல் வருத்தம் வைக்க மாட்டேன். நீ அந்த வரியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், உன் பெயரும் அவள் பெயரும் அச்சாகிற நேரத்தில் அந்த மெஷினை ஆடாமல் பிடித்துக்கொண்டு அடியில் இருக்கப்போகிறவள் நான்தான். அது எனக்குப் போதும் என்று நேற்று பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து புரூப்பைப் பார்த்ததும் போதாது என்று தோன்றிவிட்டது, என்ன செய்ய?

ஒன்றில் மட்டும் எனக்கு நம்பிக்கை. உன் சட்டைப் பையில் பேனா இருந்தது, நான் பார்த்தேன். நீ பென்சிலைத் தேடி எடுத்துக் கோடு போட்டிருக்கிறாய். உறைக்குள் நம் ரப்பர் பேட் ஒன்றை வைத்து அனுப்பலாம் என்று பார்த்தேன், கனம் அதிகம் என்று கூரியர்காரர் தலையை ஆட்டிவிட்டார். அதனால் தெருமுனைக் கடையில் ஒரு சின்ன ரப்பர் வாங்கி வைத்திருக்கிறேன், உறையைக் கிழிக்கும்போது பார்த்துக் கிழி, கீழே விழுந்துவிடும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் உன்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இந்த ஒரு தடவை கூப்பிட்டுக்கொள்கிறேன்.

ஏலே அழிரப்பரு, அந்தக் கோட்டை அழிச்சிரு.

உன் அம்மா